மடல் இழை: வெளிநாட்டு அரசு விமானம், கப்பல்களுக்கான இரண்டு ‘கிளியரன்ஸ்’

கோவையிலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை பன்னாட்டுச் சட்ட வகுப்புக்குத் தமிழில் குறிப்பு தயாரிக்கிறேன். 2024 ஆகஸ்டில் சூலூர் விமானப்படைத் தளத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் போர்விமானங்கள் வந்து இறங்கியதைப் பார்த்த மாணவர்கள், “யாரைக் கேட்டு வருகிறார்கள்?” என்றார்கள். 1944 சிகாகோ உடன்படிக்கையின் 3ஆம் பிரிவுதான் பதில். படை, சுங்கம், காவல் பணியில் உள்ள விமானம் இன்னொரு நாட்டின் ஒப்புதல் இல்லாமல் அதன்மேல் பறக்கவோ இறங்கவோ கூடாது. எடுத்துக்காட்டுக்கு நியூசிலாந்தை வைத்திருக்கிறேன். வெளிநாட்டு அரசின் விமானமோ கப்பலோ அங்கே வர இரண்டு ஒப்புதல் வேண்டும்: உள்ளே வரவே அந்த அரசு தரும் டிப்ளோமேட்டிக் கிளியரன்ஸ் ஒன்று, பூச்சியும் நோயும் கூடவே வந்துவிடாமல் காக்கும் பயோசெக்யூரிட்டி கிளியரன்ஸ் ஒன்று. ‘தூதரக அனுமதி’, ‘உயிரியல் பாதுகாப்பு அனுமதி’ என்று எழுதிப் பார்த்தேன். மனசுக்கு ஒப்பவில்லை. வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:
தூதரகம் என்பது கட்டடம். அனுமதி வடசொல். ‘தூதிசைவு’ என்று வையுங்கள். தூது நெடில்தொடர்க் குற்றியலுகரம். உகரம் கெட்டு இகரம் ஏறும், புணர்ச்சியில் குறையில்லை. குறளில் தூதுக்கு ஓர் அதிகாரமே உண்டு, 69ஆவது. இசை என்றால் பொருந்து, ஒலி, புகழ். இரண்டு அரசுகளின் சொல் ஒன்றோடொன்று பொருந்துவதே இசைவு. இயை, இணை, இழை எல்லாவற்றையும் ஒரே வேரில் கட்டலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஈரோட்டிலிருந்து:
அய்யா, அனுமதியை வடசொல் என்று தள்ளிவிட்டுத் தூதை வைத்துக்கொள்வது எப்படிங்க? அதற்கும் வடமொழித் ‘தூத’வுக்கும் உள்ள உறவை என்ன செய்வது? என் கவலை வேறு. ‘தூதிசைவு’ என்றால் மாணவர் இசைக்கச்சேரி என்று நினைப்பார்.

பொள்ளாச்சியிலிருந்து:
நான் தென்னை விவசாயி. இரண்டாவது சொல்லைப் பற்றித்தான் பேசுவேன். 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் தின்று தீர்த்தது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. 2016இல் எங்கள் தென்னையில் சுருள் வெள்ளை ஈ. ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து கிடந்ததைப் பார்த்தவனுக்கு இந்தச் சொல் விளையாட்டல்ல. ‘உயிரியல் பாதுகாப்பு’ என்றால் ஆய்வகப் பாதுகாப்பு என்றே படிப்பார்கள். ‘உயிர்க்காப்பு’ என்றால் கப்பலில் மிதவைச் சட்டை நினைவுக்கு வரும். வெளியிலிருந்து பீடை, அதாவது கெடுக்கும் பூச்சியும் நோயும், வராமல் காப்பதால் ‘பீடைக்காப்பு’. தோட்டத்து வேலியில் படல் வைப்பது எதற்கோ, அதற்கேதான் இதுவும்.

திருப்பூரிலிருந்து:
ஏற்றுமதி ஆவண வேலையில் 20 வருஷம். “கிளியரன்ஸ் ஆயிருச்சுங்களா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் தமிழிலும் ஒரே சொல் வேண்டியதில்லை. முதலாவது, புறப்படும் முன்பே கேட்டு வாங்குவது. கேட்கப்படும் அரசு மறுக்கவும் செய்யலாம். 1985இல் அணு ஆயுதம் உண்டா இல்லையா என்று சொல்ல மறுத்த அமெரிக்காவின் பியூக்கானன் போர்க்கப்பலை நியூசிலாந்து வரவிடவில்லை. 1987இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது. ஆகவே அது இசைவு. இரண்டாவது, வந்து சேர்ந்தபின் நடப்பது. கப்பல் மஞ்சள் கொடி ஏற்றி, “எங்களிடம் நோயில்லை, கரையோடு பழக விடுங்கள்” என்று கேட்கும் பழைய வழக்கம் போல. அது விடுவிப்பு.

ஈரோட்டிலிருந்து:
அப்படியானால் ‘சோதனை’ என்றே சொல்லிவிடலாமே?

திருப்பூரிலிருந்து:
போர்க்கப்பலில் கரைநாட்டு அதிகாரி வலிய ஏறிச் சோதிக்க முடியாதுங்க. 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு அதற்கு விலக்குரிமை தருகிறது. பெரும்பாலும் கப்பல் தலைவர் தரும் உறுதிமொழியை வைத்துத்தான் காரியம் நடக்கும்.

கோவையிலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. ‘அரசுமுறைப் பயணம்’ செய்தித்தாளில் பழகிய சொல் என்பதால் ‘அரசுமுறை இசைவு’, ‘பீடைக்காப்பு விடுவிப்பு’ என்று வைக்கிறேன். நால்வர் சரி என்றார்கள். முதல் முறை வரும் இடத்தில் ‘கிளியரன்ஸ்’ என்றும் பக்கத்தில் இருக்கும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. வட்டாட்சியர் தருவதும் அரசுமுறை இசைவுதானே? இரண்டு நாடுகள் பேசிக்கொள்வது அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது? அடிக்குறிப்பிலாவது தூதிசைவைச் சேர்த்துவிடுங்கள் தம்பி. வேர் பற்றிய மடல் நாளை வரும்.