வாக்குச்சாவடிக்கு இடம் தேர்வு: 1 கி.மீ. வட்டம் போட்டால் போதுமா?

புதுவரைபடம்:
வணக்கம். ஒரு நகரப் பகுதிக்கு வாக்குச்சாவடி இடங்களைப் பரிந்துரைக்க வேண்டும். பள்ளிகள், பொதுக் கூடங்கள் எல்லாம் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளிகளாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி 1 கி.மீ. பஃபர் (அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம்) போட்டதில் எல்லா வீடுகளும் உள்ளே வந்துவிட்டன. ஆனால் முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் வந்து சேர முடியுமா என்பது இதில் தெரியவில்லை. அடுத்து என்ன செய்யலாம்?

சமஉயரக்கோடு:
முதலில் அந்த பஃபரை அழியுங்கள். அது நேர்கோட்டில் பறக்கிற காக்கைக்குத்தான் பொருந்தும். நடுவில் ரயில் பாதை ஓடினால், 400 மீட்டரில் தெரிகிற பள்ளிக்கு ஒன்றரை கி.மீ. சுற்ற வேண்டியிருக்கும். தெருக்கள் வழியாகத் தூரத்தைக் கணக்கிடுங்கள். ஓப்பன்ரூட்சர்வீஸ் என்ற வழித்தடம் கணக்கிடும் இணையச் சேவையில் சக்கர நாற்காலிக்கென்றே தனி வழித்தட முறை இருக்கிறது. ஏற்றம், தரையின் தன்மை, நடைபாதை விளிம்பின் உயரம், பாதையின் அகலம் என ஒவ்வொன்றுக்கும் வரம்பு வைக்கலாம். ஆனால் அது, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் தரவை நம்பி ஓடுவது. விளிம்பு, அகலம் பற்றிய விவரங்கள் பல ஊர்களில் காலியாகவே கிடக்கின்றன. விவரம் இல்லாத தெருவைத் தடையில்லாத தெரு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தனி நிறம் கொடுங்கள்.

அப்புறம், உங்கள் புள்ளிகள் அநேகமாகக் கட்டடத்தின் நடுவில் இருக்கும். எல்லாவற்றையும் வாசலுக்கு நகர்த்துங்கள். பெரிய வளாகத்தில் முன்கேட் ஒரு தெருவிலும், படி இல்லாத பின்கேட் வேறு தெருவிலும் இருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் பலன் இதில்தான் அதிகம்.

எஸ்ஆர்டிஎம் என்ற, விண்வெளியிலிருந்து அளந்த நில உயரத் தரவில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். மேட்டுத் தெரு தெரியும், வாசலில் உள்ள மூன்று படி தெரியாது. சாய்தளத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு 1:12, அதாவது 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம். வாசல் 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். தற்காலிகப் பலகை போட்டுச் சமாளிக்கலாம் என்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சக்கரப்பாதை:
நான் நாற்காலியில் போகிறவன். சாய்தளம் இருக்கும், அதன் அடியில் மணலோ ஜல்லியோ கிடக்கும். வண்டியிலிருந்து இறங்குகிற இடம் முதல் வாக்களிக்கும் அறை வரை ஒரே தொடராகப் பாருங்கள். கதவின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள்.

புதுவரைபடம்:
நன்றி, கள ஆய்வுக்கு க்யூஃபீல்ட் என்ற கைபேசிச் செயலியில் படிவம் செய்கிறேன். இடங்களைத் தேர்ந்தெடுக்க, மொத்த நடைதூரம் குறைவாக வரும்படி கணக்குப் போட்டால் சரியா?

சமஉயரக்கோடு:
அதை மட்டும் வைத்தால் நெரிசலான பகுதிக்குப் பக்கத்திலேயே எல்லாச் சாவடியும் போய்விடும். சராசரி அழகாக வரும், ஓரத்துத் தெருக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். எந்த வீட்டுக்கும் இவ்வளவு தூரத்துக்கு மேல் கூடாது என்று ஒரு உச்சவரம்பு வையுங்கள், அதற்குள் மொத்தத் தூரத்தைக் குறைக்கப் பாருங்கள். ஒரு சாவடிக்கு எத்தனை வாக்காளர் என்ற வரம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வரைபடத்தில் 100 மீட்டர் மிச்சமாகிறது என்பதற்காகப் பழகிய சாவடியை மாற்றாதீர்கள். 2003-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்றது) சாவடிகளைக் குறைத்தபோது, இடம் மாற்றப்பட்ட வாக்காளர்களிடையே நேரில் வந்து வாக்களிப்பது குறைந்தது. தபால் வாக்கு அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டியது. உள்ளே போக வழியே இல்லாத கட்டடம் என்றால் மாற்றுங்கள். மற்றபடி, இருக்கிற இடத்தில் சாய்தளம் கட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள்.