நாளைக்குப் பெரியம்மாவை யார் அழைத்துப் போவது?

மீனா அக்கா: நாளை காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு இரண்டாவது கொரோனா ஊசி. எனக்கு லீவு கிடைக்கவில்லை. யாராவது கூடப் போக முடியுமா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வரமாட்டேன் என்று காலையிலிருந்து முரண்டு பிடிக்கிறார்.

ரேவதி சித்தி: மறுபடியுமா

கோபி: இது எத்தனையாவது நாளை அக்கா 😄

மீனா அக்கா: கோபி வேண்டாம்

செல்வம் மாமா: ‼️பலமுறை பகிரப்பட்டது‼️ முதல் ஊசியில் மயங்கியவர்கள் இரண்டாவது போட்டால் இதயம் தாங்காது. பெரிய டாக்டர் ஒருவர் சொன்ன ரகசியத் தகவல். பத்துப் பேருக்கு அனுப்பவும் 🙏

விஜி: எந்த டாக்டர் மாமா?

செல்வம் மாமா: பெரிய டாக்டர்

கோபி: எவ்வளவு உயரம்?

செல்வம் மாமா: உனக்கு எல்லாமே விளையாட்டு. மயங்கி விழுந்தது என் அக்கா.

சபேசன் சித்தப்பா: எல்லோரும் கவனிக்கவும். அண்ணி மயங்கியது மருந்தால்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். 2021 ஏப்ரலில் அமெரிக்காவில் ஐந்து முகாம்களில் இப்படித்தான் நடந்தது. மூன்றே நாளில் 8,624 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் 64 பேருக்குத் தலைசுற்றல், வியர்வை, மூச்சு முட்டல். 17 பேர் மயங்கியே விழுந்தார்கள். பயந்துபோய் நான்கு முகாம்களைத் தற்காலிகமாக மூடினார்கள். விசாரித்துப் பார்த்தால் எல்லாம் பதற்றத்தால் வந்தவை. மருந்தில் குறை இல்லை. உலக சுகாதார அமைப்பு இதற்காக 2019-இலேயே, அதாவது கொரோனாவுக்கு முன்பே, தனியாக ஒரு கையேடு போட்டிருக்கிறது. ஊசி போட்டதும் குறைந்தது பதினைந்து நிமிடம் உட்காரவைப்பது ஒவ்வாமையோடு இந்த மாதிரி விஷயங்களையும் கவனிக்கத்தான். (தொடரும்)

ரேவதி சித்தி: தொடருமா 🤦

கோபி: சித்தப்பா ரிட்டயர் ஆனதே தெரியவில்லை

சபேசன் சித்தப்பா: (தொடர்ச்சி) போன மாதம், அதாவது 2022 ஜனவரியில், இன்னொரு ஆய்வு வந்தது. தடுப்பூசிப் பரிசோதனைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி போடுவார்கள் அல்லவா? அவர்களிலும் சுமார் 35 சதவீதம் பேர் முதல் ஊசிக்குப் பிறகு தலைவலி, அசதி என்று சொல்லியிருக்கிறார்கள். உள்ளே மருந்தே போகவில்லை! எதிர்பார்ப்பு ஒன்றே போதும்.

செல்வம் மாமா: அப்படியானால் என் அக்கா நடித்தாள் என்கிறீர்களா

சபேசன் சித்தப்பா: நான் எங்கே அப்படிச் சொன்னேன்

செல்வம் மாமா: மேலே படித்துப் பாருங்கள்

விஜி: மாமா, நடிப்பு இல்லை. பயம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் சிலருக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடும். மூளைக்கு ரத்தம் குறைந்து கண் இருட்டும். அதில் பொய் எதுவும் கிடையாது. வார்டில் தினமும் பார்க்கிறேன். தைரியசாலி என்று பெயரெடுத்தவர்களும் விழுந்திருக்கிறார்கள்.

கோபி: யாரைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்

ரேவதி சித்தி: யார்? சொல்லு

கோபி: சித்தப்பாதான். பள்ளியில் ரத்த தானம் செய்ய வரிசையில் நின்றவர் பையைப் பார்த்ததும் மயங்கி விழுந்துவிட்டார்

சபேசன் சித்தப்பா: அன்று வெயில்

பெரியம்மா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்

ரேவதி சித்தி: அக்கா!

கோபி: பெரியம்மா, கண்ணாடி கிடைத்துவிட்டதா 🙈

செல்வம் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விஜி: மாமா, நீங்கள் நீக்கியதை நாங்கள் எப்போதோ படித்துவிட்டோம்

பெரியம்மா: ஊசிக்கு நான் பயப்படவில்லை. மூன்று பிள்ளை பெற்றவள்

மீனா அக்கா: அப்புறம் ஏன் அம்மா வரமாட்டேன் என்கிறீர்கள்? எங்களிடம் சொன்னால்தானே தெரியும்

(பெரியம்மா ஒலிச்செய்தி, 0:48)

ரேவதி சித்தி: எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மிக்சி ஓடுகிறது

மீனா அக்கா: எழுதுகிறேன் சித்தி. முதல் ஊசி போட்ட இடம் அப்பாவைச் சேர்த்திருந்த அதே ஆஸ்பத்திரி. ஊசி போட்டபின் உட்காரவைத்தது அந்தத் தாழ்வாரத்தில்தான். எதிரே இருந்த சுவரில் அதே பச்சைப் பட்டை, அதே கிருமிநாசினி வாசனை. கூப்பிட்டு ஏதாவது சொல்வார்களோ என்று அப்போது காத்திருந்த மாதிரியே இருந்ததாம். ஒரு நர்ஸ் இவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டதும் மயங்கிவிட்டார். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

விஜி: ஐயோ

ரேவதி சித்தி: 😔 இதை அக்கா சொல்லவே இல்லையே

பெரியம்மா: அவர் இருந்தபோது இந்த ஊசி இல்லை. எனக்கு மட்டும் எதற்கு இரண்டு

சபேசன் சித்தப்பா: அண்ணி, இந்த எண்ணம் பலருக்கு வருகிறது. ஆனால் அமெரிக்காவில் 2020 டிசம்பரிலிருந்து 2021 மார்ச் வரை ஊசி போட்டவர்களைத் தொடர்ந்து கேட்டபோது, முதல் ஊசிக்குப் பிறகு அவர்களுடைய மனச்சுமை ஓரளவு குறைந்ததாகத் தெரிந்தது. ஆகவே

மீனா அக்கா: சித்தப்பா போதும். அப்பா போன அன்றும் நீங்கள் இப்படி ஒரு நீளமான செய்திதான் அனுப்பினீர்கள். ஆள் வரவில்லை.

சபேசன் சித்தப்பா: யாரையும் உள்ளே விடவில்லை. உனக்கே தெரியும்.

மீனா அக்கா: வாசலில் நிற்கலாமே

ரேவதி சித்தி: மீனா, அவரை நான்தான் தடுத்தேன். எனக்கு அப்போது ஆஸ்துமா. என்னைத் திட்டு

கோபி: சரி சரி. வேறு விஷயம், பெரியம்மாவின் சான்றிதழில் ஆண் என்று இருக்கிறது, யாராவது பார்த்தீர்களா?

விஜி: என்ன!

கோபி: முதல் ஊசிச் சான்றிதழ். வயது சரி. பாலினம் ஆண்

செல்வம் மாமா: என்னுடையதில் பெயரே இல்லை, வெறும் இனிஷியல்

ரேவதி சித்தி: அதை எங்கே போய் மாற்றுவது? எனக்கும் பிறந்த தேதி தப்பு, இரண்டு வயது குறைத்துவிட்டார்கள். நான் சொல்லவில்லை 😁

கோபி: சித்தி நீங்கள் மாற்றாதீர்கள்

விஜி: சான்றிதழை அப்புறம் பார்க்கலாம் அண்ணா. பெரியம்மா, அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எங்கே போட்டாலும் அதே மருந்துதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். ஒரு பள்ளியிலோ மண்டபத்திலோ முகாம் நடந்தால் அங்கே போகலாம்.

மீனா அக்கா: பதிவு அந்த இடத்துக்குத்தான் செய்திருக்கிறேன்

விஜி: மாற்றப் பார் அக்கா. முடியாவிட்டால் தாழ்வாரத்தில் உட்காராமல் வேறு பக்கம் உட்காரக் கேளுங்கள். போன தடவை மயங்கினார் என்று ஊசி போடுகிறவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், படுக்கவைத்தே போடுவார்கள். போவதற்கு முன் தண்ணீர் குடிக்க வேண்டும். கண் இருட்டுகிற மாதிரி இருந்தால் கால், வயிறு, ஊசி போடாத கை எல்லாவற்றையும் பத்துப் பதினைந்து விநாடி நன்றாக இறுக்கிப் பிடித்து, முகம் சூடாவது தெரிந்ததும் விட வேண்டும். அரை நிமிடம் கழித்து மறுபடி. ரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கும். ஊசி போடும் கையை மட்டும் தளர்த்தியே வைத்திருக்கவும்.

விஜி: இன்னொன்று. இந்த வயதில் மயக்கத்தை வெறும் பயம் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இன்று மாலையே வழக்கமான டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சித்தப்பா சொன்ன ஆய்வும் வேண்டாம், மாமா சொன்ன டாக்டரும் வேண்டாம்.

செல்வம் மாமா: அதைத்தானே நானும் சொன்னேன்

கோபி: 🙄

பெரியம்மா: விஜி, தூக்கமும் வருவதில்லை. அதற்கும் கேட்கலாமா

விஜி: கண்டிப்பாகக் கேளுங்கள் பெரியம்மா. தூக்கம், பெரியப்பா நினைவு, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மனதுக்கென்று இருக்கிற டாக்டரிடம் அனுப்பினால் போங்கள், தப்பே இல்லை. நானே போய்க்கொண்டிருக்கிறேன்.

ரேவதி சித்தி: நீயா? எப்போதிலிருந்து?

விஜி: இரண்டாவது அலையில் இருந்து. ஊசி போட்ட அன்று எல்லோரும் கைதட்டினார்கள், நான் குளியலறையில் போய் அழுதேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. இது தனியாகப் பேசலாம் சித்தி, இங்கே வேண்டாம்

கோபி: என்னிடம்கூடச் சொல்லவில்லையே விஜி

விஜி: உன்னிடம் சொன்னால் ஸ்டிக்கர் அனுப்புவாய்

மீனா அக்கா: சரி. வேறு இடம் கிடைக்கிறதா என்று இப்போது பார்க்கிறேன். கூட யார் போவது? அதற்கு இன்னும் பதில் வரவில்லை

சபேசன் சித்தப்பா: நான் போகிறேன்.

மீனா அக்கா: ...

ரேவதி சித்தி: அவர் போகட்டும் மீனா

பெரியம்மா: சபேசன் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது

கோபி: 😂😂😂

சபேசன் சித்தப்பா: சம்மதம் அண்ணி. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் நாம் செய்ய வேண்டியது என்னவென்றால்

ரேவதி சித்தி: ஆரம்பித்துவிட்டார்

செல்வம் மாமா: அக்காவை நான்தான் அழைத்துப் போவேன். ரத்த சம்பந்தம் நான்

மீனா அக்கா: மாமா, நீங்கள் ஊசி போட்டுவிட்டீர்களா?

செல்வம் மாமா: ஒன்று. இன்னொன்று யோசிக்கிறேன்

விஜி: அப்படியானால் மாமாவையும் சேர்த்தே அழைத்துப் போகலாம் 😄

ரேவதி சித்தி: எதில் போவது? பெரியப்பா கார் கோபியிடம் இருக்கிறது

செல்வம் மாமா: அது எப்படி கோபியிடம் போனது என்று எனக்கு இன்னும் யாரும் விளக்கவில்லை

கோபி: காலையில் எனக்கு ஆபீஸ். ஒன்பதரைக்குள் திரும்பக் கொடுத்தால் தரலாம்

மீனா அக்கா: ஊசியே பத்து மணிக்கு கோபி

கோபி: ஓ

பெரியம்மா: வேறு இடம் கிடைத்தால் வருகிறேன். கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம்

மீனா அக்கா: அம்மா, அடுத்த வாரம் இல்லை. சித்தப்பா, மாமா, யார் என்று இரவு எட்டு மணிக்குள் ஒருவர் உறுதியாகச் சொல்லுங்கள்

செல்வம் மாமா: ‼️பலமுறை பகிரப்பட்டது‼️ ஊசிக்கு முந்தின நாள் இரவு இந்த ஐந்து தவறுகளைச் செய்யாதீர்கள்