1957ஆம் ஆண்டு ஜோன்சன் அவுட்போட் இயந்திரம்: எந்த எண்ணெய், எந்தக் கலவை?

ஸ்கூகொக் கரையான் எழுதியது:

வணக்கம். ஒன்ராறியோவில் பழைய பொருட்களை விற்ற ஒருவரிடம் 1957ஆம் ஆண்டின் ஜோன்சன் சீ ஹோர்ஸ் 5.5 குதிரைவலு அவுட்போட் (படகின் பின்புறத்தில் மாட்டும்) இயந்திரம் ஒன்றை, அதனுடன் வந்த சிவப்பு எரிபொருள் தாங்கியையும் சேர்த்து வாங்கியிருக்கிறேன். கயிற்றை இழுத்தால் அமுக்கம் நன்றாகவே தெரிகிறது. இன்னும் இயக்கிப் பார்க்கவில்லை. தாங்கியின் மூடிக்கு உட்புறத்தில் முன்னைய உரிமையாளர் ஒட்டிய துண்டுத்தாளில் "24க்கு 1, எஸ்ஏஇ 30" என்று பென்சிலால் எழுதியிருக்கிறது; அதாவது 24 பங்கு பெற்றோலில் ஒரு பங்கு எஸ்ஏஇ 30 கார் எண்ணெயைக் கலக்க வேண்டுமாம். எண்ணெய் வாங்கப் போன கடையிலோ, இக்காலத்து எண்ணெய் மிகவும் தரமானது என்பதால் எந்த இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரத்திற்கும் 50க்கு 1 போதும் என்று உறுதியாகச் சொன்னார்கள். புல்வெட்டும் கருவிக்காக வாங்கிய இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெயும் வீட்டில் அரைப் போத்தல் இருக்கிறது. இவற்றில் யார் சொல்வதைக் கேட்பது? ஒருமுறை இறுகிப் போனால் இதற்குப் பிஸ்டன் தேடி அலைய எனக்கு வலுவில்லை.

பழைய மக்னெற்றோ எழுதியது:

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எவ்வளவு எண்ணெய் என்பதை இயந்திரத்தின் வயது தீர்மானிக்கிறது. எந்த எண்ணெய் என்பதை இன்றைய தரக்குறியீடு தீர்மானிக்கிறது. துண்டுத்தாளை எழுதியவர் முதலாவதில் சரி, இரண்டாவதில் தம் காலத்திற்கு மட்டும் சரி. கடைக்காரர் அதற்கு நேர்மாறு.

ஜோன்சன், எவின்ரூட் இரண்டையும் தயாரித்த நிறுவனம் 50:1 கலவைக்கு மாறியது 1964ஆம் ஆண்டு வரிசை இயந்திரங்களில்தான். 1963 வரையிலானவற்றிற்கு 24:1 என்பதே பழைய இயந்திரங்களை வைத்திருப்போர் இன்றும் விட்டுக்கொடுக்காத அளவு. அதைவிடவும் பழைய, சுழலும் தண்டுக்கு உருளை பேரிங்குகள் இல்லாமல் வெண்கலப் புஷ்கள் (தண்டைச் சுற்றிய வளையங்கள்) மட்டுமே உள்ள இயந்திரங்களுக்கு 16:1 வரைகூடப் போவார்கள். எண்ணெய் தரம் உயர்ந்ததால் புஷ்ஷுக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறிவிடவில்லை. அந்த இடைவெளியில் எண்ணெய்ப் படலம் நிற்க வேண்டுமானால் போதிய அளவு எண்ணெய் அங்கே வந்து சேர வேண்டும். 1980களின் நடுப்பகுதியில் அதே நிறுவனம் சில புதிய இயந்திரங்களுக்கு 100:1 என்று அறிவித்துவிட்டுப் பின்னர் 50:1க்கே திரும்பிவந்தது என்பதையும் அந்தக் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி எண்ணெய். போத்தலில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்ற குறியீடு இருக்க வேண்டும். அமெரிக்காவின் கடற்கலன் உற்பத்தியாளர் சங்கம் நீரால் குளிரூட்டப்படும் இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்களுக்காக வகுத்த தரம் அது. இவ்வெண்ணெய் எரிந்தபின் சாம்பல் மிஞ்சாது. புல்வெட்டும் கருவி காற்றால் குளிர்வதால் மிகுந்த வெப்பத்தில் ஓடுகிறது. அதன் எண்ணெயில் சேர்க்கப்படும் சில கலப்புப் பொருட்கள், ஏரித் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும் உங்கள் சிலிண்டரில் முழுதாக எரியாமல் தீப்பொறி பிளக்கிலும் பிஸ்டனின் வளையப் பள்ளங்களிலும் படியும். காருக்கான எஸ்ஏஇ 30 எண்ணெயிலும் இதே சிக்கல்தான், இன்னும் மோசமாக. 1957இல் அதை ஊற்றியதற்குக் காரணம் வேறு நல்லது அப்போது கிடைக்காததே. ஆகவே புல்வெட்டியின் எண்ணெயைப் புல்வெட்டிக்கே விட்டுவிடுங்கள்.

அளவைக் கணக்கிட: 20 லீற்றர் பெற்றோலுக்கு 24:1 என்றால் 833 மில்லிலீற்றர், 50:1 என்றால் 400. கலன் கணக்கில் மட்டும் இறங்காதீர்கள். பழைய கையேடுகளில் "ஆறு கலனுக்கு ஒரு குவாட்" என்றிருக்கும் (குவாட் என்பது கலனில் கால் பங்கு). கலன் பிரித்தானியக் கலனாகவும் குவாட் அமெரிக்கக் குவாட்டாகவும் அமைந்துவிட்டால் உங்கள் 24:1 ஓசையில்லாமல் ஏறக்குறைய 29:1 ஆகிவிடும். கனடாவில் இந்தத் தவறு நடப்பதற்கு நிறையவே வாய்ப்புண்டு.

குருநகர்த் தோணி எழுதியது:

மேலே எழுதிய அண்ணாவின் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் எண்ணெய் கூடினால் கேடில்லை என்ற எண்ணம் இதிலிருந்து யாருக்கும் வந்துவிடக் கூடாது. எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போட் வைத்திருந்தார். பெற்றோலில் இயக்கி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரைக்கு வருமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி நிறுத்துவார். இல்லாவிட்டால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தேங்கி மறுநாள் விடியப்புறம் இயந்திரம் உயிர்பெறாது. எண்ணெயை அவர் அளந்து ஊற்றியதே இல்லை. "இஞ்சினுக்குக் குளிர்ச்சி" என்று கைப்போக்கில் ஊற்றுவார். வாரத்தில் இரண்டு நாளாவது பிளக்கைக் கழற்றிச் சட்டை நுனியால் கரியைத் துடைத்துவிட்டுத்தான் கடலில் இறங்குவோம். எண்ணெய் கூடும்போது ஒவ்வொரு துளிக் கலவையிலும் பெற்றோல் குறைகிறது என்பதையும் மறக்கக் கூடாது. இது காரணமாகவே நான் 32:1 என்ற நடுவழியைச் சொல்வேன்.

பழைய மக்னெற்றோ எழுதியது:

தம்பி, அப்பாவின் கதை கைப்போக்கில் ஊற்றுவதற்கு எதிரான சாட்சி. அளந்து ஊற்றும் 24:1க்கு எதிரானதன்று. பெற்றோல் குறைகிறது என்று நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் இந்த இயந்திரத்தின் முகப்பில் மெதுவோட்டத்திற்கு ஒன்றும் வேகவோட்டத்திற்கு ஒன்றுமாக இரண்டு திருகுகள் இருப்பது காற்றும் பெற்றோலும் சேரும் கலவையைக் கையால் திருத்திக்கொள்வதற்காகவே. பிளக் கறுத்தால் முதலில் அந்தத் திருகுகளையும், பிறகு தீப்பொறியின் வலுவையும் பாருங்கள். 32:1க்கு நான் போக மாட்டேன். மிச்சமாகும் எண்ணெய் ஒரு தாங்கிக்கு ஏறக்குறைய ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான்.

மெதுவோட்டம் எழுதியது:

எண்ணெய் பற்றிய பேச்சு முடிந்தது, ஆனால் எண்ணெய் சரியாக இருந்தும் இந்த இயந்திரங்களைக் கெடுப்பவை வேறு இருக்கின்றன. முதலாவது எதனோல். காபரேட்டரினுள் உள்ள மிதவை தக்கையால் செய்யப்பட்டு அரக்குப் பூசப்பட்டது. 10% எதனோல் கலந்த பெற்றோல் அந்த அரக்கைக் கரைத்துவிடும். சென்ற ஆண்டு நான் திறந்த ஒன்றில் பூச்சு வெங்காயச் சருகுபோல் உரிந்து கிடந்தது. தக்கை பெற்றோலைக் குடித்துக் கனத்து அமிழ்ந்ததால் எரிபொருள் வாயைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. தக்கையை நன்றாக உலர்த்தி மெல்லிய படலமாகச் சூப்பர் குளூ பூசிய பிறகு தொல்லையில்லை. எதனோல் இல்லாத பெற்றோல் எங்கே கிடைக்கிறதென்று பம்பிலுள்ள அறிவிப்பைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது அந்தச் சிவப்புத் தாங்கி. அதற்கு இரட்டைக் குழாய் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இவ்வியந்திரத்தில் பெற்றோல் பம்ப் கிடையாது; பிஸ்டனுக்குப் பின்னாலுள்ள கிராங்க் அறையின் அமுக்கம் ஒரு குழாயால் தாங்கிக்குப் போய், மற்றக் குழாய் வழியே பெற்றோலைத் தள்ளுகிறது. ஆகவே இன்று கடையில் விற்கும் ஒற்றைக் குழாய்த் தாங்கியை இதில் பொருத்தினால் ஓடாது. ரப்பர் வளையங்கள் காய்ந்திருந்தால் அமுக்கத்திலுள்ள பெற்றோல் படகுக்குள் கசியும்; அவற்றை மாற்றாமல் ஏரிக்குப் போக வேண்டாம். ஓடி முடிந்ததும் அமுக்கத்தை வெளியேற்றிவிட்டே மூடியைத் திறவுங்கள்.

தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இறக்கையை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு கணமும் இயக்க வேண்டாம். பெரிய குப்பைத் தொட்டியில் நீர் நிரப்பி அதனுள் இறக்கி இயக்குங்கள். பொயின்ற் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனைகள்) இடைவெளி 0.020 அங்குலம். கியர் எண்ணெயை வடிக்கும்போது பால்போல் வெளுத்து வந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. அதைப் பனிக்காலத்திற்கு அப்படியே விட்டால் உறைந்து உறையையே பிளந்துவிடும்.

ஸ்கூகொக் கரையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மிதவையைத் திறந்தேன், என்னுடையதும் உரிந்துதான் இருந்தது. இறக்கை மாற்றியாயிற்று, அதன் ஆறு இதழ்களும் ஒரே பக்கமாக மடிந்து கல்லாகக் கிடந்தன. தாங்கியின் வளையங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று பத்து லீற்றர் பெற்றோலுக்கு 417 மில்லிலீற்றர் டிசி-டபிள்யூ3 எண்ணெயை, முதலில் சிறிது பெற்றோலில் குலுக்கிக் கரைத்துவிட்டு, பிறகு மீதியை ஊற்றினேன். தற்காலிக வளையங்களோடு வீட்டு முற்றத்தில், தொட்டியில் இறக்கி இழுத்ததில் ஒன்பதாவது இழுவையில் பற்றியது. முதல் இரண்டு நிமிடம் நீலப் புகை முற்றத்தை மூடியது. வேகத் திருகைச் சிறிது மூடியதும் தெளிந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்: மேல் சிலிண்டரில் கபில நிறம், கீழ்ச் சிலிண்டரில் ஈரமான கறுப்பு. கீழ்ப்பக்கக் கோயில் (பிளக்கிற்குத் தீப்பொறி தரும் மின்சுருள், coil) வெடிப்பு விட்டிருக்கலாமா?

பழைய மக்னெற்றோ எழுதியது:

வெடித்தேயிருக்கும். அக்காலத்துக் கோயில்களில் வெடிக்காததை நான் கண்டது குறைவு. அவற்றை மூடியிருக்கும் பறப்புச் சக்கரத்தைக் கழற்றும்போது சுத்தியலால் தட்டாமல் இழுவைக் கருவியைப் பயன்படுத்துங்கள். இரண்டு கோயில்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.