மறு: மறு: ஃப்ராஸ்ட் ஹீவுக்குத் தமிழில் என்ன? (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். குளிர்ப்பகுதிக் கட்டுமானம் பற்றிய அத்தியாயம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்காவின் ஹனோவரில், 1961இல் தொடங்கிய ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே கூரைக்குள்ளேயே சாலைத் துண்டு போட்டு, அதை உறையவைத்துத் தளம் எப்படித் தூக்குகிறது என்று பார்க்கிறார்கள். மண் உறையும்போது தரை இப்படி மேலே எழுவதுதான் ஃப்ராஸ்ட் ஹீவ். அதற்கு 'உறைபனி வீக்கம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மண்பொறியாளர்:
வீக்கம் வேண்டாம். மண் வீக்கம் என்றால் எங்களுக்குக் கரிசல்தான். ஈரம் பட்டதும் களி உப்பும். இது வேறு. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும், அதனால் தரை எழுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் தண்ணீருக்குப் பதில் பென்சீனை வைத்துச் சோதித்து 1930இல் எழுதினார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். அப்படியும் மண் எழுந்தது! உறையும் இடம் கீழேயுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. வந்த நீர் தட்டுத் தட்டாக உறைந்து, மேலே இருப்பதை நெம்புகிறது. மணலுக்கு அவ்வளவு உறிஞ்சத் தெரியாது, களி தண்ணீரைச் சீக்கிரம் விடாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வண்டல்தான் ஆபத்து. 'வீக்கம்' என்று வைத்தால் பழைய தப்பு பெயரிலேயே உட்கார்ந்துவிடும்.

புலவர்:
'உறையெக்கல்' என்க. அலை குவித்த மணல்மேட்டைச் சங்கத்தார் எக்கர் என்றனர். எக்கு, எழு, எடு, ஏறு, ஏணி அனைத்தும் மேல்நோக்கு என்னும் ஒரே வேரின் கிளைகள் என்பது என் துணிபு. பனியையும் விட்டுவிடுங்கள். முன்பனி, பின்பனி என்றவர்கள் கண்டது புல்நுனி நீரை.

கல்லூரி ஆசிரியை:
ஐயா, எக்கல் என்றதும் என் மாணவர்கள் வயிற்றை எக்கிக் காட்டுவார்கள். அது உள்ளே போவது! 'உறை' என்றால் தலையணை உறை.

புலவர்:
பல பொருள் இருப்பது குறையா அம்மா? 'உறைகோடி ஒல்லாது வானம் பெயல்' என்ற குறளில் உறை என்றால் மழை. தயிருக்கும் உறைதான் ஊற்றுகிறோம். உறையூரைப் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.

டொராண்டோவிலிருந்து:
இங்கே வேலிக்கம்புக்கு 1.2 மீட்டர் ஆழம் தோண்டாமல் விட்டால், பனிக்காலம் முடிய அது மேலே வந்து நிற்கும். 'கம்பு கிளம்பிவிட்டது' என்றுதான் வீட்டில் சொல்லுவோம். 'உறைகிளம்பல்' என்று வைத்தால் என்ன?

மண்பொறியாளர்:
கருத்து கச்சிதம். அலாஸ்கா எண்ணெய்க் குழாய் 1977இல் ஓடத் தொடங்கியபோது பாதிக்கு மேல் தூண்களில்தான் நின்றது. பல தூண்களுக்குள் அம்மோனியா அடைத்த குழாய்கள் உண்டு. குளிர்காலத்தில் தரையின் சூட்டை வெளியே கொண்டுபோய், அடிமண் இளகாமல் காக்கும். மண் இளகினால் தூண் இறங்கும், மேல்மண் உறைந்தால் பிடித்துத் தூக்கும். ஆனால் 'தூண் கிளம்பியது' என்று எழுதினால், மதுரையில் எந்த ஊருக்கு என்று கேட்பார்கள். 'உறையெழுச்சி'க்கு என் வாக்கு. கொஞ்சம் மாநாட்டு வாடை அடிக்கிறது, பரவாயில்லை.

புலவர்:
உறையெழுச்சியை வினைத்தொகை என்று கொள்ள இயலாது. உறைவது நீர், எழுவது மண். உறைவால் எழுச்சி என மூன்றாம் வேற்றுமைத் தொகையாக்கி 'உறைவெழுச்சி' என்க. உகரம் கெடுவதற்கு 'முற்றும் அற்று ஒரோவழி' என்று நன்னூலே இடம் தருகிறது. எனினும் எக்கலே சிறந்தது.

மொழிபெயர்ப்பாளர்:
மணி பதினொன்று. பெரும்பாலோர் 'சரி, இருக்கட்டும்' என்று எழுதியிருப்பதால் 'உறைவெழுச்சி' போகிறது. முதல் இடத்தில் மட்டும் 'தரை கிளம்புதல்' என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

டொராண்டோவிலிருந்து:
நல்லது. நாங்கள் கிளம்பல் என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.

கல்லூரி ஆசிரியை:
அப்புறம், பெர்மாஃப்ராஸ்டுக்கு 'நிரந்தர உறைபனி' என்று போட்டுவிடாதீர்கள். இரண்டு ஆண்டு தொடர்ந்து 0 டிகிரியைத் தாண்டாத தரை எதுவும் அதில் சேரும், ஈரமே இல்லாத பாறைகூட. அதில் நிரந்தரமும் இல்லை, பனியும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:
அது அடுத்த அத்தியாயம் அம்மா. தயவுசெய்து இப்போது வேண்டாம்.

புலவர்:
'நிலையுறை' என்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?