ஒரு ரவுட்டர், இரண்டு கணினி: வன்னி வீடுகளில் பிரிட்ஜ் போட்ட அனுபவங்கள்

ஒவ்வொரு ஊர்ப் பெயருக்குக் கீழேயும் அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்வது.

கிளிநொச்சி

ரவுனைத் தாண்டினால் எங்கட பகுதி வீடுகளின் இணைப்பு பெரும்பாலும் சிம் போடுகிற 4ஜி ரவுட்டர்தான். அதை எங்கே வைப்பது என்பது எங்கட விருப்பமில்லை, சிக்னலின் விருப்பம். கோபுரம் ஏ9 வீதிப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து யன்னலில்தான் ரவுட்டர் நிற்கும். பிள்ளைகள் படிக்கிற கணினி வீட்டின் மற்ற அந்தத்தில் கிடக்கும். லப்டொப்பில் வைஃபை இருக்கிறது, பழைய மேசைக் கணினியில் இல்லை. லப்டொப் வைஃபையில் எடுப்பதை லான் கேபிள் வழியாக மேசைக் கணினிக்குக் கொடுக்கப் பிரிட்ஜ், அதாவது இரண்டு இணைப்பையும் ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாடு, உதவும்.

பிரிட்ஜும் ஷெயரிங்கும் (இணைப்பைப் பகிர்தல்) ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். ஷெயரிங் போட்டால் லப்டொப் தானே ஒரு குட்டி ரவுட்டராகி, மற்றக் கணினிக்கு 192.168.137 என்று தொடங்கும் முகவரியைக் கொடுக்கும். பிரிட்ஜில் லப்டொப் வெறும் வழிதான். மேசைக் கணினி நேரே ரவுட்டரிடமே முகவரி வாங்கும், இரண்டும் ஒரே நெற்வேர்க்கில் நிற்கும். பிறின்டர், கோப்புப் பகிர்வு எல்லாம் ஒன்றையொன்று காண ஏலும்.

விண்டோஸில் செய்முறை இது. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் என்சிபிஏ புள்ளி சிபிஎல் (ncpa.cpl) என்று அடியுங்கள். வைஃபை, ஈதர்நெற் இரண்டும் தெரியும். முதலில் ஒவ்வொன்றின் புறொப்பர்டீஸையும் திறந்து, ஷெயரிங் பக்கத்தில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஷெயரிங்கில் மாட்டிய இணைப்பை விண்டோஸ் பிரிட்ஜில் சேர்க்காது. “குறைந்தது இரண்டு இணைப்புகளைத் தெரிவு செய்” என்று வருகிற செய்திக்கு அநேகமாக இதுதான் காரணம். பிறகு கொன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் தெரிந்து, வலப்பக்கச் சொடுக்கில் பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ். அரை நிமிடம், ஒரு நிமிடம் கையை வைக்காமல் விடுங்கள். அந்த நேரத்தில் இணைப்பு அறுந்துதான் திரும்ப வரும். வரவில்லையென்று அவசரப்பட்டு அழித்துத் திரும்பப் போடுகிறவர்கள்தான் குழம்புகிறார்கள்.

பட்டியலில் விபிஎன், வேர்ச்சுவல்பொக்ஸ் பெயரிலும் அடப்டர்கள் (நெற்வேர்க் இணைப்பு உருப்படிகள்) கிடக்கும். அவற்றைத் தொட வேண்டாம். பிரிட்ஜ் வந்த பிறகு வைஃபைக்கும் ஈதர்நெற்றுக்கும் தனித்தனி ஐபி (நெற்வேர்க் முகவரி) இராது, பிரிட்ஜ் என்ற புது உருப்படிக்குத்தான் ஐபி. நிலையான முகவரி கொடுப்பதென்றால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

மாங்குளம்

கிளிநொச்சி அண்ணை சொன்ன படிகள் சரி. ஆனால் அப்படியே செய்தும் மேசைக் கணினிக்கு 169.254 என்று தொடங்குகிற முகவரி வருகிற வீடுகள் நிறைய. அந்த முகவரி வந்தால் ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை, கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கேபிளைப் பிழை சொல்ல முதல் வைஃபைப் பக்கத்தைப் பாருங்கள்.

காரணம் வைஃபையின் அமைப்பிலேயே இருக்கிறது. வைஃபை வாடிக்கையாளராக நிற்கிற லப்டொப், ரவுட்டரோடு தன்ர மாக் முகவரியில் (கார்டோடு வருகிற அடையாள எண்) மட்டும்தான் பதிவாகியிருக்கும். அந்த வழியில் போகும் பொதியில் (டேற்றாத் துண்டில்) மூன்று முகவரிக்குத்தான் இடம். பின்னால் கேபிளில் ஒளிந்து நிற்கிற நாலாவது ஆளின் பெயரை எழுத இடமில்லை. பதிவில்லாத மாக்கிலிருந்து வரும் பொதியை ரவுட்டர் எறிந்துவிடும். கேபிளுக்குக் கேபிள் போடும் பிரிட்ஜ் சிரமமில்லாமல் ஓடுவதும், வைஃபைக்குக் கேபிள் போடுவது முரண்டு பிடிப்பதும் இதனால்தான்.

விண்டோஸில் இதற்கு ஒரு வழி உண்டு, கொம்பற்றிபிலிற்றி மோட். கொமாண்ட் புறொம்ப்டை அட்மினிஸ்ரேற்றராகத் திறந்து, நெட்எஸ்எச் பிரிட்ஜ் ஷோ அடப்டர் (netsh bridge show adapter) என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். 1, 2 என்று எண்களோடு இரண்டு அடப்டரும் வரும். வைஃபையின் எண் 1 என்றால் அடுத்த கட்டளை: நெட்எஸ்எச் பிரிட்ஜ் செற் அடப்டர் 1, அதற்குப் பின்னால் ஃபோர்ஸ்கொம்பற்மோட் சமன் இனேபிள் (netsh bridge set adapter 1 forcecompatmode=enable). ஃபோர்ஸ்கொம்பற்மோட் இடைவெளியில்லாமல் ஒரே சொல். சமன் குறிக்கு இரு பக்கமும் இடைவெளி வேண்டாம். திரும்ப ஷோ கொடுத்தால் இனேபிள்ட் என்று காட்ட வேண்டும்.

இந்த மோடில் லப்டொப் தன்ர மாக்கையே இரண்டு பேருக்கும் போட்டு அனுப்பும். அதனால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு ஐபி, ஒரே மாக். ரவுட்டரில் மாக்கை வைத்து நேரக் கட்டுப்பாடு போட்டிருக்கிற வீடுகளில் பிள்ளையின் கணினியை மட்டும் நிறுத்த ஏலாது, நிறுத்தினால் இரண்டும் நிற்கும்.

அப்பவும் முகவரி வராவிட்டால் மேசைக் கணினிக்குக் கையால் கொடுங்கள். ஹுவாவே 4ஜி ரவுட்டர்களின் வழமையான முகவரி 192.168.8.1. ரவுட்டர் கடைசி எண்ணை 100இலிருந்து 200 வரை பங்கிடுகிறதென்றால் அதற்கு வெளியே 192.168.8.210 போடலாம். மாஸ்க் 255.255.255.0, கேற்வே 192.168.8.1, டிஎன்எஸ்ஸும் அதையே அல்லது 8.8.8.8. பங்கீட்டுக்குள் இருக்கிற எண்ணை எடுத்தால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஆரோ ஒருவரின் போனுக்கு அதே எண் போய் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

மல்லாவி

யூஎஸ்பி டொங்கிள் வைத்திருக்கிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு. டயல் பண்ணுகிற இணைப்பாக அது வந்தால் பிரிட்ஜில் சேராது. அதற்கு ஷெயரிங்தான். விண்டோஸ் 10, 11இல் மொபைல் ஹொட்ஸ்பொட் என்று இருப்பதும் உள்ளுக்குள் ஷெயரிங்தான், பிரிட்ஜ் இல்லை. அது வேலை செய்தால் அதையே வைத்திருங்கள், பிரிட்ஜ்தான் உயர்ந்தது என்று ஒன்றுமில்லை.

மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிற பிரிட்ஜ் மோட் வேறு சங்கதி. பழைய ஏடிஎஸ்எல் மோடத்தில் அதைப் போட்டால் மோடம் ரவுட்டர் வேலையை விட்டுவிடும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கணினியில்தான் அடிக்க வேண்டி வரும். இரண்டு கணினிக்குப் பகிரப் போய் அதை மாற்றினால் போன்களுக்கும் இணைப்புப் போய்விடும்.

வவுனியா

ஒன்றைத் திறந்து சொல்ல வேணும். ரவுட்டரிலிருந்து கேபிள் இழுக்க முடியுமென்றால் பிரிட்ஜ் வேண்டாம். ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்று சில வாட் மின்சாரம்தான் எடுக்கும், எந்தக் கணினியும் எழும்பி நிற்கத் தேவையில்லை. பிரிட்ஜில் நடுக்கணினி நித்திரைக்குப் போனால் மற்றதுக்கும் இணைப்பில்லை. ஒன்லைன் வகுப்பு நடுவில் அறுந்துபோகிற வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்லீப் நேரத்தை. லப்டொப்பின் மூடியை மூடினால் தூங்காதபடியும், டிவைஸ் மனேஜரில் வைஃபைக் கார்டின் பவர் மனேஜ்மென்ற் பக்கத்தில் “சக்தியைச் சேமிக்க இதை நிறுத்தலாம்” என்ற சரி அடையாளத்தை எடுத்தும் விடுங்கள்.

கேபிள் வேலைக்கு வருவோம். நிற ஒழுங்கு, கேபிள் முனைப் பிளக்கின் கொழுக்கி கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து: வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம். இரண்டு முனையிலும் இதே ஒழுங்கு. மிகப் பழைய 100 எம்பிபிஎஸ் கார்டுகள் இரண்டை நேரே இணைத்தால் மட்டும் ஒரு முனையில் செம்மஞ்சள் சோடியையும் பச்சைச் சோடியையும் இடம் மாற்ற வேண்டும். கிகாபிற் கார்டு ஒரு பக்கம் இருந்தாலே அது தானாகச் சரிசெய்துகொள்ளும். ஒரு முழு நீளம் 100 மீற்றருக்குள்.

சீசீஏ என்று அச்சடித்த மலிவுக் கேபிள் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. இரண்டு தரம் மடித்தாலே உள்ளே அறும். கிகாபிற்றுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6ஆம் கம்பிகள் காணும். அதனால் மற்ற நாலில் ஒரு கம்பி அறுந்தும் இணைப்பு முழுதாகச் சாகாமல் 100க்கு இறங்கி நிற்கலாம். வேகத்தைப் பார்த்துக் கம்பியின் சுகத்தை அறியலாம். கூரைக்குள் எலியும் அணிலும் கடிக்கும் வீடுகளில் அரை அங்குலப் பிவிசிக் குழாய்க்குள் விடுவதுதான் நல்லது.

லினக்ஸ் ஆக்களுக்கு: வைஃபையைப் பிரிட்ஜில் சேர்க்கச் சொன்னால் கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) நேரடியாகவே மறுத்துவிடும். மாங்குளத்துத் தம்பி சொன்ன அதே மூன்று முகவரிப் பிரச்சினை. நாலு முகவரி மோட் லப்டொப்பிலும் ரவுட்டரிலும் இருந்தால்தான் ஏலும், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் போட்ட ரவுட்டரில் அது இருக்கிறது. இல்லாவிட்டால் நெற்வேர்க் மனேஜரில் ஐபிவி4ஐ “மற்றக் கணினிகளோடு பகிர்” என்று மாற்றுங்கள், 10.42.0.1 என்ற முகவரியோடு ஷெயரிங் ஓடும். கேபிளுக்குக் கேபிள் பிரிட்ஜ் என்றால் நெற்வேர்க் மனேஜர் ஸ்பானிங் ட்ரீயை (நெற்வேர்க்கில் பொதி சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கிற ஏற்பாடு) இயல்பாகவே போட்டு வைத்திருக்கும். 15 செக்கன் கேட்கும், 15 செக்கன் படிக்கும், ஆக 30 செக்கனுக்கு ஒரு பொதியும் போகாது. அதற்குள் மற்றக் கணினி முகவரி கேட்டுக் களைத்துவிடும். சுற்று இல்லாத சின்ன வீட்டு நெற்வேர்க்கில் அதை நிறுத்தலாம்.

சுற்று என்றதும்: ஒரே சுவிட்சின் இரண்டு போர்ட்டை ஒரே கேபிளால் தெரியாமல் இணைத்தால் எல்லா விளக்கும் ஒன்றாக வெறிபிடித்து மின்னும், முழு வீடும் நிற்கும். ஒரு கேபிளைக் கழற்றிய உடனே திரும்ப வரும்.

புதுக்குடியிருப்பு

ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவில் 60, 70 மீற்றர். வேலியோடு கேபிளைக் கட்டி இழுத்திருக்கிறவர்கள் ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பயப்பட வேண்டும். எங்கட பக்கத்து இடி முழக்கம் அந்த இரண்டு பருவத்தில்தான் அதிகம். மின்னல் கேபிளில் நேரே விழத் தேவையில்லை, பக்கத்துப் பனையில் விழுந்தாலே காணும். இரண்டு வீட்டு எயர்த்துக்கும் (நில இணைப்பு) இடையில் எழும்பும் மின்னழுத்த வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகத்தான் ஓடும். லான் போர்ட்டின் உள்ளே இருக்கிற காப்பு 1500 வோல்ற்றுக்குத்தான் சோதிக்கப்பட்டது, மின்னலுக்கு அது ஒன்றுமேயில்லை. மின்சாரப் பிளக்கைக் கழற்றிவிட்டு லான் கேபிளை விட்டுவிடுகிற வீடுகளில்தான் போர்ட் கருகிப்போகிறது. இரண்டையும் கழற்றுங்கள்.

இரண்டு கட்டடத்துக்கு இடையில் வயர்லெஸ் பிரிட்ஜ்தான் நல்லது. டிபி-லிங்க் சிபிஈ510, யுபிகிற்றி நனோஸ்ரேசன் போன்ற 5 கிகாஹேர்ட்ஸ் வெளிச்சாதனங்கள் இரண்டு. ஒன்று அக்சஸ் பொயின்ற், மற்றது கிளையன்ற், இரண்டிலும் டபிள்யூடிஎஸ் இயக்க வேண்டும். அதுதான் நாலாவது முகவரிக்கு இடம் தருவது. அதை மறந்தால் கிளையன்ற் இணைந்ததாகக் காட்டும், ஆனால் பின்னால் நிற்கிற கணினிக்கு முகவரி வராது.

கண்ணுக்கு மற்ற அந்தம் தெரிந்தாலும் மட்டுமட்டாகத் தெரிந்தால் காணாது. 200 மீற்றருக்கு, 5.8 கிகாஹேர்ட்ஸில், நடுப்பகுதியில் இரண்டு சாதனத்தையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி 1.6 மீற்றர் வெளி இருக்க வேண்டும். 500 மீற்றர் என்றால் 2.5 மீற்றர். கோடையில் பார்த்துப் பூட்டிவிட்டு மாரியில் அறுகிறதென்றால் நடுவில் நிற்கிற தேக்கு மரத்தையும் மாமரத்தையும் பாருங்கள், நனைந்த இலை 5 கிகாஹேர்ட்ஸை நன்றாகக் குடிக்கும்.

இந்தச் சாதனங்களில் பல 24 வோல்ற் மின்சாரத்தைக் கேபிளின் 4, 5, 7, 8ஆம் கம்பிகளில் எடுக்கும். ஆகவே வவுனியா அண்ணை சொன்ன நாலு கம்பிக் கணக்கு இங்கே சரிவராது, எட்டும் சுகமாக இருக்க வேணும். மின்சாரம் கொடுக்கிற சின்னப் பெட்டியில் பிஓஈ (கேபிள் வழியாக மின்சாரம்) என்ற போர்ட் கூரையில் நிற்கிற சாதனத்துக்கு, லான் என்ற போர்ட் கணினிக்கு. மாறிக் குத்தினால் கணினியின் போர்ட்டுக்குள் 24 வோல்ற் போகும்.

ஒட்டுசுட்டான்

டேற்றாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அளவு வைத்த பக்கேஜில் இரண்டாவது கணினியை இணைத்த அன்றே விண்டோஸ் அப்டேற் இறங்கத் தொடங்கும். பிரிட்ஜில் மற்றக் கணினி வைஃபையை அல்ல, ஈதர்நெற்றைத்தான் காணும். அதனால் அது அளவுள்ள இணைப்பு என்று அதற்குத் தெரியாது. மேசைக் கணினியில் ஈதர்நெற் பக்கத்துக்குப் போய் மீற்றர்ட் கனெக்‌ஷனை (அளவுள்ள இணைப்பு) கையால் போடுங்கள். பிரிட்ஜ் போட்ட லப்டொப்பிலும் ஒருக்கா பாருங்கள், அங்கேயும் இப்போது இருப்பது வைஃபை இல்லை, பிரிட்ஜ்.

இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டும் ஒரே நெற்வேர்க்கில் நிற்பதால் அப்டேற் அமைப்புகளுக்குள் டெலிவரி ஒப்ரிமைசேசன் என்ற பக்கத்தைத் திறந்து “உள்ளூர் நெற்வேர்க்கில் உள்ள கணினிகள்” என்பதை மட்டும் தெரிவு செய்தால், ஒன்று இறக்கியதன் பெரும்பகுதியை மற்றது அதனிடமே வாங்கிக்கொள்ளும். மாத முடிவில் ஓரிரு நாளுக்கு மீற்றர்டை எடுத்து, முதலில் ஒரு கணினியை மட்டும் அப்டேற் பண்ண விடுங்கள். அது முடிந்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் இரண்டும் வெளியிலிருந்தே இழுக்கும்.