புதுப்பிப்பு: மோரிஸ் மைனர் காரின் பிரேக் பைப் மாற்றியாச்சு

துருப்பிடித்த பிரேக் பைப்புக்குப் பதில் ஸ்டீல் போடுவதா, செம்பு நிக்கல் கலவையா என்று முன்பு கேட்டிருந்தேன். கலவைதான் போட்டேன், 3/16 அங்குலம். துருப்பிடிக்காது, வளைக்கவும் எளிது.

பழைய பைப்பின் வடிவத்தில் கட்டுக்கம்பியை வளைத்து முதலில் அச்சு எடுத்துக்கொண்டேன். நெருக்கமான திருப்பங்களுக்குப் பெண்டர் (பைப் வளைக்கும் கருவி) கட்டாயம். வெறும் கையால் வளைத்தால் நசுங்கிவிடும். முனையை ஃப்ளேர் செய்யும் (விரித்து அகலமாக்கும்) முன்பே நட்டைக் கோத்துவிடுங்கள், அப்புறம் நுழையாது. பெடலை அழுத்தும்போது பிரேக் ஆயிலைப் பைப்புக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், டிரைவர் காலடியில், சேஸிஸ் சட்டத்துக்குள் இருக்கிறது. அந்த இணைப்புக்குத்தான் ரொம்பப் பொறுமை வேண்டும். பின்பக்கப் பைப்பை சைலன்சர் குழாயிலிருந்து நன்றாக விலக்கி, பழைய கிளிப் இடங்களிலேயே பிடித்தேன். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும்.

ரப்பர் ஹோஸ்களும் புதுசு. பைப்புக்குள் இருந்த காற்றை வெளியேற்றி, பெடலை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன்: எங்கும் கசிவில்லை. சரி, அடுத்து ஹேண்ட்பிரேக் கேபிள்.