புதுப்பிப்பு: லைப்சிக் போன தம்பி

தம்பி ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகிறான், காரைக்குடியிலிருந்து என்ன கட்டிக் கொடுக்கலாம், செலவுக்கு எவ்வளவு ஆகும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அவன் முதல் பருவத்தை நல்லபடியாக முடித்துவிட்டான்.

அப்பத்தா ஆசையாகக் காயவைத்த உப்புக்கண்டம் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நம் ஊரிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது; நெய்யும் அதில் சேர்த்திதான். தேன்குழலும் சீப்புச்சீடையும் எண்ணெயில் சுட்டு, காற்றுப் புகாமல் கட்டிக் கொடுத்தோம். கடைசிவரை மொறுமொறுப்பு குறையவில்லையாம். அப்பத்தாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

விசாவுக்காக முடக்கக் கணக்கில் (போட்ட பணத்தை மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ போட்டோம். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக, சமைத்துச் சாப்பிட்டால் சமாளிக்க முடிகிறது.

அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. அதனால் சனிக்கிழமை ஆனால் போதும், அப்பத்தா போனில் "அரிசி, தயிர் வாங்கிட்டியா ராசா?" என்று கேட்டுவிடுவார். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நமக்கு இரவு எட்டரை என்றால் அவனுக்கு மாலை நாலு.

அப்புறம், அடுத்து போகிறவர்களுக்கு ஒன்று. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று அவசியம். சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.